டேஷ்கேம் பதிவு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வண்டியை நிறுத்திவிட்டு மாடி ஏறி, சாப்பிட்டு முடிப்பதற்குள், காரில் மாட்டிய டேஷ்கேமின் அன்றைய பதிவுகள் தானாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும். திட்டம் இவ்வளவுதான். முதல் வாரம் அப்படியே நடக்கும். இரண்டாவது வாரம் ஒரு நாள் திறந்து பார்த்தால் ஃபோல்டர் காலியாக இருக்கும்.

என்னிடம் இருப்பது முன்னும் பின்னும் பதிகிற இரட்டைக் கேமரா. கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடியின் முதல் மாடியில் வீடு, கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் வண்டி. ஹாலின் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு லினக்ஸ், கூடவே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். கேமரா வீட்டு வைஃபையில் போய்ச் சேர்ந்துகொள்ளும் ரகம். அதற்குள் சின்னதாக ஒரு வெப் சர்வர் ஓடுகிறது. கம்ப்யூட்டர் அதனிடம் பட்டியலைக் கேட்டு, தன்னிடம் இல்லாத ஃபைல்களை மட்டும் இறக்கிக்கொள்ளும். பிளாக்வியூ கேமராக்களுக்கு இந்த வேலையைச் செய்ய பிளாக்வியூசிங்க் என்ற இலவசப் பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. வேறு கேமராவாக இருந்தால், அதன் ஃபைல் பட்டியல் பிரவுசரில் திறக்கிறது என்றால், ஃபைல்களை இறக்கும் டபிள்யூகெட் கட்டளையை வைத்துப் பத்து வரியில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனை. போனை வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் போய் நின்று, பிரவுசரில் கேமராவின் ஐபி முகவரியைத் திறந்து பாருங்கள். பட்டியல் வந்தால் கேமராவும் வைஃபையும் சரி, கோளாறு மாடியில் இருக்கிறது. வராவிட்டால் மாடியில் ஸ்கிரிப்டை நோண்டிப் பயனில்லை. இது தெரியாமல் இரண்டு இரவு ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான்.

கேமரா கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியவில்லை

நேற்று வரை வந்தது, பவர் கட்டுக்குப் பிறகு வரவில்லை என்றால், ரவுட்டர் கேமராவுக்கு வேறு ஐபி கொடுத்திருக்கும். ஸ்கிரிப்ட் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும். அதில் கேமராவின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் மாறாத எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதோடு விஷயம் முடிந்துவிடும்.

ரவுட்டர் பட்டியலில் கேமரா தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து எட்ட முடியவில்லை என்றால், கேமராவை விருந்தினர் வைஃபையில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும் கருவி இணையத்துக்குப் போகும், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளோடு பேசாது. அதற்காகவேதான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள்.

ரவுட்டரை மாற்றிய பிறகு கேமரா சேரவே மாட்டேன் என்கிறதா? பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். பழைய கேமராக்களுக்கு டபிள்யூபிஏ2 தான் தெரியும். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். வைஃபை பெயரில் படமோ விசேஷக் குறிகளோ வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சில கேமராக்கள் அதற்கே திணறும்.

இன்னொரு வகைக் கேமரா உண்டு. அது யாருடைய வைஃபையிலும் சேராது. தானே ஒரு வைஃபையை உண்டாக்கி, நம்மை அங்கே வரச் சொல்லும். அதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரு வைஃபை டாங்கிளைச் செருகி, அதைக் கேமராவோடும் லேன் கேபிளை ரவுட்டரோடும் இணைப்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வியோஃபோ உட்பட நோவாடெக் சிப் வைத்த பல கேமராக்களின் முகவரி 192.168.1.254. நம் ஊர் ரவுட்டர்கள் பலவற்றின் முகவரி 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே தெருப் பெயர். 254-க்குப் போக வேண்டிய தபாலைக் கம்ப்யூட்டர் கேபிள் வழியாக ரவுட்டர் பக்கம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். சில நேரம் வீட்டு இணையமும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டு ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 போல வேறு தொடருக்கு மாற்றுவதுதான் சுத்தமான தீர்வு. பிளாக்வியூவின் சொந்த வைஃபை 10.99.77.1 என்ற முகவரியில் இருப்பதால் அதில் இந்த மோதல் வருவதில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். போனில் கேமராவின் ஆப் திறந்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் பேசாத கேமராக்கள் இருக்கின்றன.

கொஞ்சம் வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

அதிகமாக ஆளைச் சுற்றவிடும் அறிகுறி இதுதான். ஸ்கிரிப்ட் சரி, வைஃபை சரி, ஆனாலும் தினமும் முதல் இருபது முப்பது ஃபைல்களோடு நின்றுவிடும். மறுநாள் அதற்கு அடுத்த சில வரும். பாக்கி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கார்டு நிறைந்து, கேமரா பழையவற்றின் மேல் புதியதை எழுதிவிடும். நமக்கு வந்து சேராமலே அவை போய்விடும்.

இதற்கு மருந்து தேடும் முன் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். என் கேமரா முன்பக்கம் விநாடிக்கு 24 மெகாபிட், பின்பக்கம் 8 மெகாபிட் என்று பதிகிறது. இரண்டும் சேர்ந்து 32 மெகாபிட், அதாவது விநாடிக்கு 4 எம்பி. நிமிடத்துக்கு 240 எம்பி, மணிக்கு 14.4 ஜிபி. தினமும் போகவும் வரவும் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறேன். ஆக 21.6 ஜிபி. பார்க்கிங்கில் தூணுக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கு எங்கள் வீட்டு வைஃபை கொடுத்த வேகம் விநாடிக்கு 2 எம்பி. வகுத்தால் 3 மணி நேரம். வண்டியை அணைத்த பிறகு கேமரா உயிரோடு இருந்ததோ 1 மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு வந்ததே பெரிது.

ஆக, நமக்குப் பற்றாக்குறை நேரத்தில். அதை நான்கு பக்கமிருந்து பிடிக்கலாம்.

முதலில் மின்சாரம். கேமராவை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால், பெரும்பாலான வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் கேமராவும் அணைந்துவிடும். அனுப்ப ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து கேமராவுக்கு நேராக மின்சாரம் எடுக்கும் ஹார்ட்வயர் கிட் போட்டே ஆக வேண்டும். அதில் மூன்று வயர் வரும்: எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃப்யூஸுக்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் வரும் ஏசிசி ஃப்யூஸுக்கு ஒன்று, எர்த் ஒன்று. முதல் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் கிட் போட்டும் போடாத கதைதான். வண்டியை அணைத்து அரை நிமிடம் கழித்துக் கேமராவின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் வயரைச் சந்தேகியுங்கள்.

கிட்டில் பேட்டரியைக் காப்பாற்ற ஒரு கட்-ஆஃப் அளவு இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கட்-ஆஃபை 12.4-இல் வைத்தால் பழைய பேட்டரி அரை மணியிலேயே கை விரித்துவிடும். நான் 12.0-இல் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இறக்க மாட்டேன், காலையில் வண்டி கிளம்ப வேண்டுமே. பயப்படும் அளவுக்கு இது மின்சாரத்தைத் தின்பதும் இல்லை. 0.4 ஆம்பியர் வீதம் 3 மணி நேரம் என்றால் 1.2 ஆம்பியர்-மணி. கார் பேட்டரியோ 35, 45 ஆம்பியர்-மணி ரகம். தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பேட்டரிக்கு எடுத்தது திரும்பிச் சேராது.

அடுத்தது வைஃபை வேகம். இதை அளக்கத்தான் ஒரு ராத்திரி லேப்டாப்பை பானெட் மேல் வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கீழே நின்றிருந்தேன். வாட்ச்மேன் டார்ச்சோடு வந்துவிட்டார்.

“ஏனுங்க சார், வண்டி ஸ்டார்ட் ஆகலைங்களா?”

“வண்டி நல்லாருக்குதுங்கண்ணா. கேமராதான் பேச மாட்டேங்குது.”

அவர் கேமராவையும் என்னையும் ஒரு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கண்டது: வண்டியை ஒரு தூண் இடைவெளி தள்ளி நிறுத்தினாலே வேகம் இரட்டிப்பாகிறது. ஆனால் எனக்கு ஒதுக்கிய இடம் ஒதுக்கிய இடம்தான். பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி, லேன் கேபிள் இழுத்து, படிக்கட்டைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 6 எம்பி கிடைத்தது. அதே 21.6 ஜிபி, இப்போது 1 மணி நேரம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் தடுமாறும். இடையில் இரண்டு சுவர் இருந்தால் 2.4 தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, எது முதலில் வர வேண்டும் என்ற வரிசை. பிளாக்வியூவின் ஃபைல் பெயரிலேயே தேதி, நேரம், அப்புறம் வகை எழுத்து இருக்கும்: என் என்றால் சாதாரண ஓட்டம், ஈ என்றால் அதிர்ச்சி உணர்ந்த நிகழ்வு, எம் நாமே பொத்தானை அழுத்தியது, பி நிறுத்தி வைத்திருந்தபோது பதிந்தது. பிளாக்வியூசிங்கில் முன்னுரிமையை வகைப்படி என்று வைத்தால், நாம் அழுத்தியதும் நிகழ்வுகளும் முதலில் வரும். வேறு கேமராக்களில் பூட்டிய ஃபைல்களுக்குத் தனி ஃபோல்டர் இருக்கும். ஸ்கிரிப்ட் முதலில் அங்கே போகட்டும். சத்தி ரோட்டில் நாற்பது நிமிடம் ஊர்ந்த படம் நாளைக்கு வந்தால் ஒன்றும் குடி முழுகாது.

நான்காவதாகப் பதிவின் தரத்தைக் குறைக்கலாம். நம்பர் பிளேட் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை நான் தொடவில்லை.

ஃபைல் வந்துவிட்டது, ஓட மறுக்கிறது

கேமராவில் அந்த ஃபைல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஓடினால் நகல் பாதியில் அறுந்திருக்கிறது. கேமரா சொல்லும் அளவையும் இறங்கிய அளவையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் இறக்கும்போது தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுதாக வந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஃபைலைப் பார்த்து ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுநாள் தாண்டிப் போய்விடும்.

கேமராவிலேயே ஓடவில்லை என்றால் அது வேறு. எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு, மூவ் என்பார்கள். பெரும்பாலும் அது பதிவு முடியும்போது கடைசியாக எழுதப்படும். அதற்குள் மின்சாரம் போனால், படம் இருக்கும், அட்டவணை இருக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரல் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்வது இதைத்தான். மோதலில் வயர் பிடுங்கிக்கொண்டால் நமக்கு மிகவும் வேண்டிய அந்தக் கடைசி ஃபைலுக்கே இது நேரும், அதனால் அழித்துவிடாதீர்கள். அன்ட்ரங்க் என்ற இலவச நிரல், அதே கேமராவின் நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், பல நேரம் மீட்டுத் தந்துவிடும்.

கையால் ஓட்டினால் வருகிறது, தானாக வருவதில்லை

லினக்ஸில், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் வைத்திருப்பவர்களுக்கு: நாம் டெர்மினலில் இருக்கும்போது தெரியும் பாதைகள் கிரானுக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட், பைத்தான், சேருமிடம் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். ஃபோல்டர் பெயரில் அன்றைய தேதி வர வேண்டும் என்று கிரான் வரியிலேயே டேட் கட்டளை எழுதியிருக்கிறீர்களா? அதில் வரும் சதவீதக் குறியைக் கிரான் வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது அந்த வேலையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை ஓடும்படி வைத்தால், முந்தையது முடியும் முன் அடுத்தது கிளம்பி ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். எஃப்லாக் கட்டளையை வைத்து ஒரே ஆள்தான் உள்ளே என்று பூட்டுங்கள்.

விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறதா (எழுப்பச் சொல்லும் டிக் கண்டிஷன்ஸ் பக்கத்தில் இருக்கிறது), லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஓடு என்ற டிக் விழுந்திருக்கிறதா, சேருமிடம் இசட் டிரைவ் போன்ற எழுத்தாக இருக்கிறதா. நாம் லாகின் செய்யாதபோது ஓடும் வேலைக்கு அந்த எழுத்து தெரியாது. நெட்வொர்க்கின் முழு முகவரியையே எழுதுங்கள்.

தினமும் எல்லாமே மறுபடி மறுபடி வருகிறது

கார்டைக் கழற்றி ரீடரில் செருகி நகலெடுப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. கார்டில் ஃபைல்களை அடுக்கும் ஃபேட் முறை, ஃபைலின் நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். வீட்டு டிஸ்க் அதைவிடத் துல்லியம். ஒரு விநாடி பிசகினாலும், நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க் ‘மாறிவிட்டது’ என்று முழு ஃபைலையும் இழுக்கும். ஆர்சிங்கில் மாடிஃபை-விண்டோவை 2 என்று கொடுங்கள். விண்டோஸின் ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி என்ற தேர்வு.

கம்ப்யூட்டரின் டிஸ்க் திடீரென்று நிறைந்துவிட்டது

2 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, பாதிகூட நிறையவில்லை, ஆனால் இடமில்லை என்று கம்ப்யூட்டர் கத்துகிறது. பவர் கட்டுக்குப் பிறகு யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்காது, அதாவது தன் ஃபோல்டரோடு இணைந்திருக்காது. ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? அதே பெயரில் காலி ஃபோல்டர் இருக்கிறதே என்று உள்ளே இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டியில் கொட்டிவிடும். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் கொட்டியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துகொள்ளும். தேடினாலும் கிடைக்காது. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து பார்த்தால்தான் புதையல் தெரியும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க்கை எஸ்டிஏ1 என்று எழுதாமல் அதன் மாறாத அடையாளமான யூயூஐடி கொண்டு எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டியதும் பிளாக்வியூசிங்க் தானே இறக்குவதை நிறுத்திக்கொள்ளும், இயல்பான அமைப்பே அதுதான். இரண்டு வாரமோ நான்கு வாரமோ வைத்திருந்தால் போதும் என்று கீப் அளவைக் கொடுத்துவிட்டால் பழையவற்றை அதுவே கழித்துவிடும்.

பழைய பதிவைத் தேடினால் காணோம்

சொந்த அனுபவம். ஒரு மொபெட்காரர் என் பின் பம்பரில் உரசிவிட்டு, மூன்று வாரம் கழித்து, நான்தான் ரிவர்ஸில் வந்து இடித்தேன் என்றார். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தத் தேதியே இல்லை. அப்போது நான் கார்டு ரீடர் முறையில், ஆர்சிங்கில் டிலீட் என்ற தேர்வையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கார்டில் எது இல்லையோ அதை இங்கேயும் அழி என்பது அதன் பொருள். கேமரா பழையதை அழித்தது, என் கம்ப்யூட்டரும் விசுவாசமாக அழித்தது. ரோபோகாப்பியில் எம்ஐஆர் என்று போட்டாலும் இதே கதைதான். அதற்குப் பெயர் கண்ணாடி, பேக்கப் இல்லை. அந்தத் தேர்வு உங்கள் வரியில் இருந்தால் இப்போதே எடுங்கள். பழையதைக் கழிப்பது தேதியை வைத்து, வீட்டுப் பக்கமாக மட்டும் நடக்க வேண்டும்.

அப்படித் தகராறு வரக்கூடிய ஃபைலை உடனே தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து, எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) எடுத்து எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பினால் வீடியோவைச் சுருக்கிவிடும், ஹாஷும் மாறிவிடும். அசலைத் தொடாதீர்கள்.

தேதி, நேரம் தப்பாக இருக்கிறது

ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் கேமராவின் நேர மண்டலம் பூஜ்யத்தில் இருக்கிறது. 5:30 என்று மாற்றுங்கள். 5-உம் 6-உம் மட்டும் காட்டி நடுவில் அரை மணியே இல்லாத மெனுக்களும் உண்டு. அப்படியென்றால் ஜிபிஎஸ் வழி நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் வைக்க வேண்டியதுதான். எப்போதோ பழைய ஆண்டின் ஜனவரி 1-ஐக் காட்டினால் உள்ளே கடிகாரத்தைத் தாங்கும் பேட்டரி போய்விட்டது. இதைச் சும்மா விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பழையது என்று நினைத்து ஸ்கிரிப்ட் இன்றைய பதிவை அழித்துவிடும், அல்லது இறக்காமலே விட்டுவிடும்.

எல்லாம் ஓடுகிறது, பிழையும் இல்லை, புதுப் பதிவு மட்டும் இல்லை

மெமரி கார்டு செத்திருக்கும். சாகும்போது பல கார்டுகள் படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போய்விடும். கேமரா பழைய பட்டியலையே நீட்டும், ஸ்கிரிப்ட் ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாக முடிக்கும். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபார்மட் செய்யுங்கள். கழற்றிச் செருகினால் பழைய ஃபைல்கள் அப்படியே உயிர்த்தெழுந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், குப்பைத் தொட்டிதான். புதிதாக வாங்கும்போது ஹை எண்டியூரன்ஸ் என்று போட்ட கார்டாக வாங்கி, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவும் உண்மைதானா என்று ஒரு முறை சோதியுங்கள். 128 என்று அச்சிட்டு உள்ளே 16 இருக்கும் போலிகள் சந்தையில் உலவுகின்றன.

இந்த அமைதியான சாவு தெரியாமல் போகக் கூடாது என்று, ஸ்கிரிப்ட் தினமும் இரவு பத்து மணிக்கு அன்று வந்த ஃபைல்களின் எண்ணிக்கையை என் போனுக்கு டெலிகிராமில் அனுப்பும்படி வைத்திருக்கிறேன். 180 பக்கத்தில் வரும். போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து 0 வந்தது. கார்டு நன்றாக இருந்தது, வைஃபை நன்றாக இருந்தது. வண்டி அதற்கு முன்தினம்தான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. கிளவ் பாக்ஸைத் திறந்தால், என் ஹார்ட்வயர் கிட்டின், ஃப்யூஸ் பாக்ஸில் செருகும் இணைப்புகள் இரண்டையும் பத்திரமாகக் கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பில்லுக்கு மேல் வைத்திருந்தார்கள்.